நீல விளக்கும் ஒரு நர்சம்மாவும்

எங்க பாப்பா பிறந்த மூணாம் நாள், மஞ்சள் காமாலைன்னு கண்ணைக் கட்டி நீல விளக்குக்குக் கீழே படுக்க வெச்சாங்க. எனக்கு அழுகையே வந்துடுச்சு. அப்புறம்தான் இந்த விளக்கோட கதையைத் தேடிப் படிச்சேன்.

1956, இங்கிலாந்து, எசெக்ஸ், ராச்ஃபோர்ட் பொது மருத்துவமனை. குறைமாதக் குழந்தைகள் பிரிவுக்குப் பொறுப்பு சிஸ்டர் ஜீன் வார்ட். புழுக்கமான இன்குபேட்டரை விட வெயிலும் காற்றும் நல்லதுன்னு நம்பினவர். குழந்தைகளை முற்றத்துக்குத் தூக்கிட்டுப் போவார். டாக்டர்கள் ரவுண்ட்ஸ் வர்றதுக்குள்ள உள்ளே கொண்டுவந்துடுவார்.

ஒருநாள் ரவுண்ட்ஸில் ஒரு குழந்தையைக் காட்டினார். உடம்பெல்லாம் வெளுத்திருக்க, ஒரு முக்கோணம் மட்டும் நல்ல மஞ்சள். ஏதாவது மருந்து தடவினீங்களான்னு கேட்டாராம் டாக்டர். இல்லை, அது துணி மூடியிருந்த இடம்!

சில வாரம் கழிச்சு, ஜன்னலோரம் வெயில் பட்ட ரத்த சாம்பிளிலும் பிலிருபின் குறைஞ்சிருந்தது. 1958ல் லான்செட் இதழில் கட்டுரை வந்தது. எழுதியவர்கள் கிரெமர், பெரிமன், ரிச்சர்ட்ஸ். அந்த வரிசையில் வார்ட் பெயர் இல்லை.

நாங்க ஒரு பக் கண்டுபிடிச்சாலே நாலு பேருக்கு சிசி போட்டு மெயில் அனுப்புற கூட்டம். அதான் உறுத்துச்சு.

(இதைப் படிச்சிட்டு நீங்களா குழந்தையை வெயில்ல போட்டுடாதீங்க, டாக்டர்கிட்ட காட்டுங்க.)

பாப்பா இப்ப நல்லா இருக்கா. நன்றி சிஸ்டர்.