மா: ஓரெழுத்துச் சொல்லின் பல பிறப்புகள்

மா: மகர மெய்யும் ஆகார உயிரும் சேர்ந்து பிறக்கும் நெடில், தனித்து நின்றே பொருள் தரும் ஓரெழுத்து ஒருமொழி. தமிழில் ஒரு மரம், விலங்கு, குதிரை, அரைத்த பொடி, இருபதில் ஒரு பங்கு, நில அளவு, பெரியது, கரியது எனப் பல பொருள்களைக் குறிக்கும். இதே ஒலி வங்காளத்தில் தாய், வியட்நாமில் பேய், ஹங்கேரியில் இன்று, இத்தாலியில் 'ஆனால்'. உதடு மூடித் திறந்தாலே பிறந்துவிடும் ஒலி என்பதால் இது இல்லாத மொழியைத் தேடிப் பிடிப்பதுதான் கடினம். குறிலும் நெடிலுமாக வழங்கும் இடங்கள் இரண்டையும் இக்கட்டுரை சேர்த்தே எடுத்துக்கொள்கிறது.

தமிழில்

13-ஆம் நூற்றாண்டில் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், தமிழில் ஓரெழுத்து ஒருமொழிகள் 42 என்று கணக்கிட்டார். மகர வரிசையில் மட்டும் ஆறு: மா, மீ, மூ, மே, மை, மோ. வேறெந்த மெய்க்கும் இத்தனை இல்லை. அந்த ஆறில் மிகுதியான பொருள்களைச் சுமப்பது மா.

அகராதியில் எல்லாம் ஒரே தலைப்பின் கீழ் அடுக்கப்பட்டிருப்பதால், ஒரே சொல்தான் இத்தனை பொருளாகக் கிளைத்தது என்று தோன்றும். அது பிழை. பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி (1961; திருத்திய பதிப்பு 1984) மாமரத்துக்கும் விலங்குக்கும் வெவ்வேறு பதிவுகள் தருகிறது. வெவ்வேறு வேர்களிலிருந்து வந்தவை ஒலியில் ஒன்றாகிவிட்டன, அவ்வளவே. மாங்காய், மாந்தளிர், மாவிலைத் தோரணம் என்பவை மரத்தின் வழி வந்தவை. யாப்பிலக்கணம் படிக்கும் மாணவர் முதலில் மனப்பாடம் செய்யும் தேமா, புளிமா என்ற வாய்பாடுகளும் அந்த மரத்தடியில் பிறந்தவைதாம். சங்கப் பாடல்களில் விலங்கைப் பொதுவாகக் குறித்த மா, குதிரையைச் சிறப்பாகக் குறிக்கவும் வந்தது. காதல் நிறைவேறாத தலைவன் மடலேறும்போது பனைமடலால் செய்த குதிரைக்கு மடல்மா என்று பெயர். கருமைப் பொருளை மாயோன் என்ற பெயரில் காணலாம். அரைத்த பொடியை ஈழத்தில் இன்றும் அரிசி மா, கோதுமை மா என்றே சொல்கிறார்கள். தமிழ்நாட்டில் அது மாவு ஆகி, தோசைக்குக் கரைத்து வைத்ததையும் சேர்த்துக் குறிக்கிறது. 'பெரிய' என்ற பொருளில் வரும் மா, வடமொழி மஹாவோடு கலந்துபோனது. ஒவ்வோர் இடத்திலும் எது எது என்று பிரிப்பது எளிதன்று. பழம்பாடல்களில் பரந்த உலகம் முழுவதற்கும் பெயராக இருந்த மாநிலம், நம் காலத்தில் ஒரு நாட்டின் உட்பிரிவுக்குப் பெயராகிவிட்டது.

அளவைச் சொல்லாக மா வாழ்ந்த வாழ்க்கை தனியே சொல்லத் தக்கது. மா என்பது 1/20; காணி 1/80; இரண்டையும் கூட்டினால் 5/80, அதாவது 1/16. அதனால்தான் பதினாறில் ஒன்றுக்கு மாகாணி என்று பெயர். இருமா 1/10, நாலுமா 1/5, அரைமா 1/40. சின்னக் குழந்தைகள் திண்ணைப் பள்ளியில் கூவிக் கூவிப் படித்த கீழ்வாய் இலக்கம் இது. நிலத்துக்கு வரும்போது வேலி என்னும் அளவின் இருபதில் ஒரு பங்கு ஒரு மா. அதாவது 100 குழி, ஏறத்தாழ ஏக்கரில் மூன்றில் ஒன்று. பத்திரங்கள் ஏக்கரும் சென்டுமாக, ஹெக்டேரும் ஏருமாக மாறிய பிறகும், தஞ்சை, திருவாரூர்ப் பக்கத்து விவசாயி தன் நிலத்தை இத்தனை மா என்றுதான் சொல்வார். பின்னங்களுக்கென இருந்த பழைய குறிகள் 2019-இல் வெளியான யூனிகோடு 12.0-இல் தமிழ்க் கூடுதல் தொகுதியில் இடம் பெற்றன. வழக்கொழிந்த பின் கிடைத்த இடம்தான். ஆயினும் ஓலையையும் கல்வெட்டையும் கணினியில் ஏற்றுவோருக்கு அது பெரிய உதவி.

சீனமும் அதன் அண்டையும்

சீனப் பொதுமொழியில் ஒலியின் ஏற்ற இறக்கம் பொருளைத் தீர்மானிக்கும். மா என்பதை ஒரே உயரத்தில் நீட்டினால் அம்மா. மேலே ஏற்றினால் சணல். தாழ்த்தி எழுப்பினால் குதிரை. சடாரென இறக்கினால் திட்டுதல். அழுத்தமில்லாமல் வாக்கியத்தின் கடைசியில் ஒட்டினால் கேள்வி, நம் 'வந்தானா'வில் வரும் ஆகாரம்போல. எழுத்திலோ சணலைத் தவிர மற்ற எங்கும் குதிரைதான் நிற்கிறது: குதிரைக்கான எழுத்தின் அருகே பெண்ணைக் குறிக்கும் உறுப்பைச் சேர்த்தால் அம்மா, வாயைச் சேர்த்தால் கேள்விச் சொல். இவற்றில் குதிரை ஒலிக்காக மட்டுமே வருகிறது. பொருளில் அதற்குப் பங்கில்லை.

குதிரை எழுத்து ஒரு குடும்பப் பெயரும் ஆகும். சீன முஸ்லிம்களிடையே பரவலாக உள்ள பெயர் அது. மிங் பேரரசின் கடற்படைத் தலைவர் செங் ஹே பிறந்தபோது அவர் பெயர் மா ஹே. செங் என்பது பேரரசர் பின்னர் அளித்த பெயர். அவருடைய பயணத்தையொட்டி 1409 என்று நாளிட்டுப் பொறித்த கல்லொன்று 1911-இல் இலங்கையின் காலி நகரில் கிடைத்தது. சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகளில் அமைந்த அந்தக் கல் இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. குதிரையை மா என்று சொன்ன இரண்டு மொழிகள் ஒரே கல்லில் பக்கம் பக்கமாக இருப்பதைப் பார்க்கும்போது மனம் சிலிர்க்கத்தான் செய்யும். ஆனால் அந்தச் சிலிர்ப்பைச் சான்றாகக் கொள்ளக் கூடாது. தமிழில் விலங்கின் பொதுப்பெயர் குதிரைக்குச் சுருங்கியது. சீனத்தில் தொடக்கத்திலிருந்தே குதிரை, அதன் பழைய ஒலி வடிவமும் வேறு. இரண்டும் தற்செயலாக ஒத்தவை.

உண்மையில் பயணம் செய்த குதிரை வியட்நாமுக்குப் போயிற்று. அந்நாட்டு மொழியில் ஆறு வகை ஒலிப்பு: பேய், தாய், 'ஆனால்', கல்லறை, குதிரை, நெல் நாற்று. குதிரை சீனக் கடன். அலெக்சாந்தர் த ரோடு பாதிரியாரின் அகராதி 1651-இல் ரோமில் அச்சானது. அது வேரூன்றச் செய்த ரோமன் எழுத்து முறை, இந்த ஆறையும் எழுத்தின் மேலும் கீழும் இடும் சிறு குறிகளால் வேறுபடுத்துகிறது. தாய்லாந்தில் மூன்று: வா, குதிரை, நாய்.

ஜப்பானில் மா என்பது இடைவெளி. வாயிற் கதவுகளுக்கு நடுவே சூரியன் தெரிவதுபோன்ற எழுத்தால் அதை எழுதுகிறார்கள். இரண்டு தூண்களுக்கு நடுவே உள்ள இடம், வீட்டின் அறை, இரண்டு முழவொலிகளுக்கு நடுவே நிற்கும் மௌனம் எல்லாமே மா. நடிகருக்கும் இசைஞருக்கும் அது கைவர வேண்டிய கலை. மா பிசகினால் தவறு என்று பொருள்படும் சொல். மா கழன்றவன் மூடன். கட்டடக் கலைஞர் அராத்தா இசோசாக்கி 1978-இல் பாரிசில் இந்த ஒரு சொல்லை வைத்தே ஒரு கண்காட்சி அமைத்தார். இக்கட்டுரையில் வரும் எல்லா மாக்களிலும் மொழிபெயர்ப்புக்கு மிகவும் கடினமானது இதுவே என்பேன்.

மறுப்பும் மற்றவையும்

வடமொழியில் மா, 'வேண்டாம், செய்யாதே' என்னும் விலக்கு. வேடனைச் சபிக்கும் வால்மீகியின் புகழ்பெற்ற முதல் சுலோகம் இந்தச் சொல்லில்தான் தொடங்குகிறது. துருக்கியில் 'பக்' என்றால் பார். 'பக்மா' என்றால் பார்க்காதே. ஆனால் அழுத்தத்தை மாவின்மேல் போட்டால் அதே சொல் 'பார்த்தல்' ஆகிவிடும். அரபியில் மா என்பது 'எது' என்றும் பொருள்படும், 'இல்லை' என்றும் பொருள்படும். 'மா கால' என்ற தொடர் அவன் சொன்னதையும் குறிக்கலாம், அவன் சொல்லவில்லை என்றும் ஆகலாம். முன்பின் வாக்கியங்களே வழிகாட்டும்.

சுமேரிய மொழியில் மா படகு. படகோட்டியைக் குறித்த சுமேரியச் சொல் அக்காதியத்தில் மலாஹு ஆகி, அரமேயம் வழியாக அரபியில் மல்லாஹ் ஆயிற்று; மாலுமி என்பது அதன் பொருள். நம் மாலுமியையும் இதோடு முடிச்சுப் போட ஆசை எழும். அது வேறு அரபுச் சொல்லான முஅல்லிமிலிருந்து வந்தது.

ஐரோப்பாவில் இத்தாலிய 'ஆனால்' இலத்தீனில் 'மேலும்' என்று பொருள்பட்ட சொல்லின் தேய்வு. பிரெஞ்சில் மா, பெண்பால் பெயருக்கு முன் வரும் 'என்'. பின்லாந்தில் மா என்றால் நிலம், நாடு. எஸ்தோனியாவில் நெடில் நிலம், குறில் நான். இவ்விரண்டுக்கும் உறவுமொழியான ஹங்கேரியத்தில் அது 'இன்று'.

தாய்

இந்திக்கும் வங்காளத்துக்கும் தாய்ச் சொல் வடமொழி மாத்ரு வழியாக வந்த மரபுச் சொத்து. சீன, சுவாகிலி மொழிகளின் தாய்ச் சொற்கள் அதற்கு உறவில்லை. ஆனாலும் ஒலி ஒன்றே. மானிடவியலாளர் ஜார்ஜ் மர்டாக் உலக மொழிகளிலிருந்து தாய்க்கு 531, தந்தைக்கு 541 சொற்களைத் திரட்டி 1959-இல் வெளியிட்டார். தாய்ச் சொற்களில் 55 விழுக்காட்டில் ம, ந, ங போன்ற மூக்கொலிகள். தந்தைச் சொற்களில் 15 விழுக்காடே. மொழியியலாளர் ரோமன் யாக்கப்சன் அடுத்த ஆண்டு அச்சான கட்டுரையில் இதற்குக் காரணம் சொன்னார்: பால் குடிக்கும் குழந்தையின் வாய் அடைபட்டிருக்கிறது, அப்போது வெளிவரக்கூடிய ஒலி மூக்கு வழியே வரும் முனகல்தான். பசிக்கும்போதும் குழந்தை அதையே எழுப்புகிறது. பெற்றவள் அதைத் தன் பெயராக ஏற்கிறாள். எல்லா மொழிகளுக்கும் ஒரே தாய்மொழி என்பதற்கு இந்த ஒற்றுமையைச் சான்று காட்டுவோர் உண்டு. அவர்கள் ஜார்ஜிய மொழியைப் பார்க்க வேண்டும்: அங்கே மாமா தந்தை, தேதா தாய். நடு ஆஸ்திரேலியாவின் பிட்ஜன்ஜாரா மக்களுக்கும் மாமா தந்தையே. நமக்கு அவர் தாயுடன் பிறந்தவர்.

பயணம் போன தமிழ் மா

கடல் கடந்தது மாமரத்தின் மாதான். மாங்காய் என்ற தமிழ் வடிவத்தையும் மாங்ங என்ற மலையாள வடிவத்தையும் ஒட்டிய சொல்லைப் போர்ச்சுகீசியர் மங்கா என்று எடுத்துப் போனார்கள். ஆங்கிலத்தில் மேங்கோ, சீனத்தில் மாங்குவோ. சீனச் சொல்லின் கடைசிப் பகுதிக்கே கனி என்று பொருள்; நம் காய் அங்கே போய்ச் சேர்வதற்குள் பழுத்துவிட்டது. கிழக்கு ஆப்பிரிக்கச் சுவாகிலியிலும் பல மாம்பழங்களுக்கு மாஎம்பே என்று பெயர் இருப்பதைக் கண்டு அதையும் நம் மரத்தோடு சேர்க்கத் தோன்றும். அங்கே பழம் எம்பே மட்டுமே. வட இந்திய ஆம், அம்பா வழிச் சொல். முன்னால் நிற்கும் மா பன்மை முன்னொட்டு.