கூண்டுக்குள் போகும் தீனி

கூலிமில் ஒரு கடையில் அக்கா மகளுக்குக் கினிப் பன்றி ஒன்று வாங்கினேன். ஒரு பை காய்ந்த தீனியையும் கொடுத்து, "இது போதும், வேற ஒன்னும் வேணாம்" என்றார்கள். இரண்டு மாதத்தில் அது நடக்கவே தயங்கியது. மூட்டு வீங்கியிருந்தது. மிருக வைத்தியர் பார்த்துவிட்டு, "வைட்டமின் சி இல்ல. பச்சைப் புல்லு, குடமிளகா குடுங்க" என்றார். பிழைத்துக்கொண்டது.

அவர் சொன்ன அந்த ஒரு வரிக்குப் பின்னாலுள்ள கதையில் மலாயாத் தோட்டத் தமிழர்களுக்கும் இடமுண்டு.

நூறாண்டுகளுக்கு முன் மலாயாவில் பெரிபெரி ஆட்களைக் கொத்துக் கொத்தாகக் கொன்றது. கால் மரத்து, உடல் வீங்கி, இதயம் நின்றுபோகும். ஆலையில் தீட்டிய பச்சரிசி சாப்பிட்ட சீனத் தொழிலாளர்கள் அதிகம் செத்தார்கள். தமிழர்களுக்கு அந்த நோய் அரிதாகவே வந்தது. அவர்கள் சாப்பிடுவது புழுங்கல் அரிசி என்பதை நெகிரி செம்பிலானில் வேலை பார்த்த பிராடன் என்ற மருத்துவர் கவனித்தார். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுதாகப் போய்விடுவதில்லை. இந்தக் காரணம் அன்று யாருக்கும் தெரியாது.

1905இல் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் வில்லியம் பிளெட்சர் நோயாளிகளை இரண்டு பிரிவாக்கினார். ஒரு பிரிவுக்குப் பச்சரிசி, மற்றதற்குப் புழுங்கல் அரிசி. பச்சரிசிப் பிரிவில் பலருக்கு பெரிபெரி வந்தது. சிலர் இறந்தார்கள்.

அதே காலத்தில் நார்வேயில் ஆக்சல் ஹோல்ஸ்ட், கப்பலோட்டிகளுக்கு வந்த பெரிபெரியை ஆராய்ந்துகொண்டிருந்தார். கினிப் பன்றிகளுக்கு வெறும் தானியமும் ரொட்டியும் போட்டுப் பார்த்தார். வந்தது பெரிபெரி அல்ல, ஸ்கர்வி. முட்டைக்கோசும் எலுமிச்சைச் சாறும் அதைத் தடுத்தன. பிரோலிக்குடன் சேர்ந்து 1907இல் இதை வெளியிட்டார். அது ஒரு தற்செயல். பெரும்பாலான பாலூட்டிகள் வைட்டமின் சி-யை உடம்பிலேயே தயாரித்துக்கொள்ளும். கினிப் பன்றிக்கும் நமக்கும் அது முடியாது. ஹோல்ஸ்ட் எலியை எடுத்திருந்தால் ஒன்றும் தெரிந்திருக்காது.

எனக்கு உறுத்துவது வேறு. அந்த விடுதியில் இருந்தவர்கள் தங்கள் அரிசியைத் தேர்ந்தெடுக்கவில்லை. கினிப் பன்றியும் தேர்ந்தெடுப்பதில்லை. தோட்டத்துத் தமிழன் மட்டும், ஊரில் பழகிய அரிசியை விடாததால், அந்த ஒரு நோயிலிருந்து தப்பினான். இதைப் பெரிய பெருமையாக்க வேண்டாம். மலேரியா அவனை விடவில்லை. புழுங்கல் அரிசி அதற்கு மருந்துமில்லை. ஆனாலும் லயத்துக்குப் பின்னால் முருங்கை நட்ட கைகளை நினைத்துக்கொள்கிறேன். ரேஷன் அரிசியோடு பச்சையாக ஏதாவது வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை.

இப்போது கூண்டில் எந்நேரமும் புல் இருக்கிறது. தினமும் ஒரு துண்டு குடமிளகாய். நேற்று அக்கா மகள் கேட்டாள்: "மாமா, கொஞ்சம் சோறு போடவா?"

"வேணாம்மா. புல்லப் போடு" என்றேன்.