வளவில் கட்டிய கப்பல்

சொந்த வளவுக்குள் ஒருவர் பெரிய பாய்க்கப்பல் ஒன்றைக் கட்டத் தொடங்கினால், இன்று பொத்துவிலில் அதைப் பார்க்கச் சனம் கூடிவிடும். பாதிப்பேர் அவருடைய புத்தியைப் பற்றிக் கவலைப்படுவார்கள். கப்பல் என்பது பாரந்தூக்கியும் இரும்புப் பட்டறையும் பொறியியலாளரும் உள்ள பெரிய தளத்தில் மட்டுமே உருவாகும் என்ற நினைப்பு எங்களுக்குள் அவ்வளவு ஊறிவிட்டது. நூறு வருடத்துக்கு முன் இலங்கையின் தமிழ்க் கரையில் இந்த நினைப்பு இருக்கவில்லை. கடலோரத்தில் வாழ்ந்தவர்கள் தங்கள் வீடுகளுக்கு அருகே, தென்னையும் பூவரசும் நிழல் தரும் வெளியில், தங்கள் கைக்கருவிகளைக் கொண்டே கப்பல் கட்டினார்கள். கப்பல் கட்டுதல் எங்கள் கரையில் வீட்டோடு ஒட்டிய தொழில். அதன் பலமும் அங்கேதான் இருந்தது. அது சுவடில்லாமல் மறைந்ததற்கும் அதுவே காரணம் என்பது என் முடிவு. திறமை போதாததால் அழிந்தது என்று சொல்வதை நான் ஏற்கவில்லை.

இதற்கு முதல் சாட்சி வல்வெட்டித்துறையில் கட்டப்பட்டு 1930ஆம் ஆண்டு கடலில் இறக்கப்பட்ட 'அன்னபூரணி' என்ற கப்பல். நீளம் 89 அடி, அகலம் 19 அடி. உடல் வேப்பமரம். கட்டியவர்கள் அந்த ஊர் மேத்திரிமார். சரக்கு ஏற்றி ஓடுவதற்காகக் கட்டிய இந்தக் கப்பலை 1930களின் நடுப்பகுதியில் வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் விலைக்கு வாங்கினார். அவர் கடல் தெரியாத பணக்காரர் அல்லர். 1928 முதல் 1931 வரை 'ஸ்வாப்' என்ற 32 அடிப் பாய்ப்படகில் உலகைச் சுற்றிவந்தவர். எந்தப் பலகை எந்த அலையைத் தாங்கும் என்று அனுபவத்தில் அறிந்தவர். அப்படிப்பட்டவர் வல்வெட்டித்துறைக் கப்பலைத் தேர்ந்து, அதற்குத் தன் மனைவியின் பெயரைச் சேர்த்து 'புளோரன்ஸ் சி. ராபின்சன்' என்று பெயரிட்டார். மாலுமித் தலைவரான தண்டையல் தம்பிப்பிள்ளையும் அவருடைய ஊர் மாலுமிகளும் அமெரிக்கக் கப்தான் ஒருவரோடு சேர்ந்து அதைச் செங்கடல், சூயஸ், மத்தியதரைக் கடல், ஜிப்ரால்டர் வழியாக அத்திலாந்திக்கில் செலுத்தினார்கள். பெர்முடாவைத் தொட்டு, 1938 ஆகஸ்ட் 1ஆம் திகதி மாசச்சூசெற்ஸ் மாநிலத்தின் குளோஸ்டர் துறைமுகத்தில் கப்பலைக் கட்டினார்கள். ஊர்க் கடற்கரையில் செய்த கலம் அத்திலாந்திக்கைத் தாண்டியது என்பதை விடப் பெரிய தரச் சான்றிதழை எந்தத் திணைக்களம் கொடுக்கும்?

தளம் இல்லாமல் இது எப்படிச் சாத்தியமாயிற்று? கப்பல் கட்டத் தேவையானவற்றில் பாரம் கூடியது மரம். அது வரவேண்டிய இடம் கரை. கட்டி முடித்த கலம் போகவேண்டிய இடமும் கரைதான். ஆகவே கப்பல் கட்டும் தச்சரான ஓடாவி தன் கருவிப் பெட்டியோடு கரைக்கு வந்தால் போதும். முதலில் கலத்தின் அடிமரமான ஏராவை நிறுத்துவார்கள். முன்பக்கமான அணியத்திலும் பின்பக்கத்திலும் வளைந்த மரங்களைப் பொருத்தி, விலா எலும்பு போன்ற வங்குகளை ஏற்றி, அவற்றின் மேல் பலகை அடிப்பார்கள். வளைந்த உறுப்புக்கு நேர்மரத்தைச் செதுக்கினால் நார் அறுந்து பலம் போய்விடும் என்பதால், இயல்பாகவே வளைந்து வளர்ந்த கிளையைத் தேடி எடுப்பார்கள். வேம்பும் பூவரசும் இதற்குத் தோதானவை. இரண்டும் வீட்டு மரங்கள். மூட்டுகளில் பஞ்சு திணித்துக் குங்கிலியம் பூசிக் கலப்பத்துப் பண்ணுவார்கள். இந்த வேலையில் பொறுமையாகச் செய்யவேண்டிய பகுதியே மிக அதிகம். மாதக்கணக்கில் நீளும் வேலைக்கு ஓடாவி வீட்டுப் பக்கத்திலேயே இருப்பதுதான் சிக்கனம். மழை வந்தால் நிறுத்தலாம், காசு வந்தால் தொடரலாம். மகன் பக்கத்தில் நின்று பார்த்தே பழகிக்கொள்வான். பெரிய தளம் மூலதனத்துக்கு வட்டி கட்டவேண்டும். வளவுக்கு அந்தச் சுமை இல்லை.

கடற்கரை வேறு, வளவு வேறு அல்லவா என்று கேட்கலாம். தெருவும் மதிலும் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அப்படித்தான் தோன்றும். கரையோரக் கிராமங்களில் வீட்டு எல்லை எங்கே முடிந்து தோணி ஏற்றும் இடம் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துக் காட்டும் வேலி இருந்ததில்லை. வலை உலர்வதும் மீன் காய்வதும் பிள்ளைகள் விளையாடுவதும் கப்பல் எழும்புவதும் ஒரே நிலத்தில்தான்.

இன்னோர் ஆட்சேபம் இதைவிடக் கனமானது. வரைபடமும் கணக்கும் இல்லாமல் கண்ணளவில் கட்டினார்கள், அதிருஷ்டத்தால் ஒரு கப்பல் அமெரிக்கா போய்விட்டது, அதை வைத்து ஒரு மரபைப் புகழலாமா என்பது அது. வரைபடம் இல்லை என்பது உண்மை. கணக்கு இல்லை என்பது பொய். 'கப்பல் சாத்திரம்' என்ற தமிழ்ச் சுவடி நூலை 1950இல் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகம் அச்சிட்டது. எந்த மரம் கப்பலுக்கு ஆகும், ஏராவின் நீளத்துக்கு ஏற்ப மற்ற உறுப்புகள் என்ன அளவில் இருக்கவேண்டும் என்பவற்றை அது பேசுகிறது. சோதிடமும் அதில் கலந்திருக்கிறது. ஆனால் சோதிடத்தின் உள்ளே இருப்பது விகிதம். சோழமண்டலக் கரையில் 'வத்தை' என்ற மீன்பிடிப் படகுகளை 1990களில் ஆராய்ந்த ஷோன் மக்கிரெய்ல் குழுவினர், அங்குள்ள ஓடாவிகள் வரைபடம் இன்றி, ஓர் அடிப்படை அளவிலிருந்து ஒவ்வொரு வங்கின் வடிவத்தையும் விகிதப்படி பெறுகிறார்கள் என்று பதிவு செய்தார்கள். ஐரோப்பாவின் மத்தியதரைக் கரையில் இடைக்காலக் கப்பல் கட்டுநர்கள் கையாண்ட முறைக்கு இது நெருங்கியது. அங்கே அந்த முறை வரலாற்று நூல்களில் இடம்பிடித்தது. இங்கே அதைத் தலையில் சுமந்தவர்களுக்குப் படிப்பறிவில்லாதவர்கள் என்ற பெயர்தான் மிஞ்சியது.

வெளியுலகிலும் தளமில்லாமல் செய்த கலங்கள் கடலை வென்றிருக்கின்றன. உலகைத் தனியாகச் சுற்றிவந்த முதல் மனிதர் ஜோசுவா ஸ்லோக்கம், 36 அடி 9 அங்குல நீளமான தன் 'ஸ்பிரே' படகை மாசச்சூசெற்ஸில் ஒரு புல்வெளியில் பழைய உடலொன்றிலிருந்து தன் கையால் மீளக் கட்டினார். 1895இல் புறப்பட்டு 1898இல் திரும்பினார். அவருக்குப் பின் தனியாகச் சுற்றிய ஹாரி பிட்ஜன், லொஸ் ஏஞ்சலீஸ் கரையில் தானே கட்டிய 34 அடிப் படகில் 1921 முதல் 1925 வரை பயணம் செய்தார். இவர்களை அந்த நாடுகள் வீரர்களாக நினைவில் வைத்திருக்கின்றன. அதே வேலையை இரண்டு மடங்குக்கும் மேல் நீளமான கலத்தில், பிழைப்புக்காகத் தலைமுறை தலைமுறையாகச் செய்த எங்கள் மேத்திரிமாரின் பெயர்ப் பட்டியல்கூட இந்த நாட்டில் ஒழுங்காக இல்லை. ராபின்சனும் பிறகு மாசச்சூசெற்ஸின் இப்ஸ்விச்சில் ஓடைக்கரையில் சொந்தமாகக் கப்பல் கட்டினார். அங்கே 1938இல் இறக்கிய 'ஸ்விஃப்ட் ஒஃப் இப்ஸ்விச்' பின்னர் ஹொலிவூட் நடிகர் ஜேம்ஸ் காக்னியின் சொத்தாகி, பிற்காலத்தில் கலிபோர்னியாவில் பிள்ளைகளுக்குப் பாய் ஓட்டப் பழக்கும் கப்பலாயிற்று. வல்வெட்டித்துறையில் அப்படிப் பழக்க ஒரு கப்பலும் மிஞ்சவில்லை.

வல்வெட்டித்துறைக் கதையை அம்பாறைக் கரையில் ஏன் சொல்லவேண்டும்? பொத்துவிலில் 89 அடிக் கப்பல் கட்டியதாக நான் சொல்லவரவில்லை. திறந்த கரை இது. வாடைக்காலத்தில், கார்த்திகை தொடங்கி மாசி வரைக்கும், கடல் மூர்க்கமாக நிற்கும். சோழகம் வீசும் மாதங்களில்தான் அறுகம்குடா அமைதியாகும். அப்போது தெற்கிலும் மேற்கிலும் இருந்து மீனவர் இங்கே வந்து வாடி போடுவார்கள். இந்தக் கரையின் கலங்கள் தெப்பமும் வள்ளமும் கரைவலைத் தோணியும். ஆனால் பெரிய கப்பலும் கரைவலைத் தோணியும் ஒரே கைமரபின் இரண்டு அளவுகள். மட்டக்களப்புக் கரையின் நெல்லை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோனது தோணி. கிழக்கின் காட்டு மரம் அதைவிடத் தூரம் போயிற்று. நாம் சாவண்டலை என்றும் சிங்களவர் ஹல்மில்ல என்றும் சொல்லும் மரத்தைத் 'திருகோணமலை மரம்' என்று பெயர் சொல்லி வாங்கி, சென்னையின் அலைகளைக் கடக்கும் மசூலாப் படகுகளைக் கட்டினார்கள். இக்கரை முஸ்லிம்களின் உறவுக்கரையான நாகூரிலும் பறங்கிப்பேட்டையிலும் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் முஸ்லிம் வணிகர்கள் சொந்தக் கப்பல்களை ஓட்டியதை யாழ்ப்பாணத்து வரலாற்றறிஞர் சின்னப்பா அரசரத்தினம் விரிவாக எழுதியிருக்கிறார். கல்முனை முதல் பொத்துவில் வரை மரவேலை செய்பவரை இன்றும் ஓடாவியார் என்றுதானே மரியாதையாக அழைக்கிறோம்.

பிறகு ஏன் இது நின்றது? முதலில் சரக்குப் போயிற்று. ரயில் 1905இல் யாழ்ப்பாணத்துக்கும் 1928இல் மட்டக்களப்புக்கும் வந்தது. பொத்துவிலுக்கு இன்றுவரை வரவில்லையென்றாலும் லொறியும் தெருவும் வந்தன. சுதந்திரத்துக்குப் பிறகு இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே சுங்கமும் குடிவரவும் இறுகியபோது, பாக்குநீரிணையில் பாய்க்கப்பல் ஓட்டிப் பிழைத்தவர் தொழில் இல்லாமல் நின்றார். அடுத்தது மரம். காடுகள் சட்டத்தின் காவலுக்குள் போயின. பொத்துவிலுக்குப் பின்னாலுள்ள லகுகல 1980இல் தேசிய பூங்காவாயிற்று. காட்டைக் காத்தது சரியான காரியம். அதனோடு, ஓடாவிக்கு வளைமரம் எங்கிருந்து கிடைக்கும் என்று யாராவது யோசித்திருக்கலாம். தெற்கில் தொடந்துவைச் சிங்கள மக்களுக்கும் இதே கதிதான். பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய அவர்களின் யாத்திராத் தோணியும் அன்னபூரணி கடலில் இறங்கிய அதே காலத்தில்தான் கடலை விட்டு ஒழிந்தது. கோயிலில் இருக்கும் மாதிரியைப் பார்த்துத்தான் இன்று அதன் உருவத்தை அறிகிறோம்.

மீன்பிடியில் மாற்றம் வேறு வழியில் வந்தது. 1958இல் அரசாங்கம் மூன்றரைத் தொன் இயந்திரப் படகுகளைக் கொடுக்கத் தொடங்கியது. 1967இல் நோர்வே உதவியோடு தொடங்கிய சீநோர் நிறுவனம், காரைநகரில் கண்ணாடிநார்ப் படகுகளைச் செய்தது. இந்தப் படகு இலேசானது, புழு தின்னாது, வருடாவருடம் கலப்பத்து வேண்டாம். மீனவர் அதைத் தேர்ந்தது நியாயம்; மரத்தோணிக்குத் திரும்புங்கள் என்று அவர்களிடம் சொல்ல எனக்கு உரிமையில்லை. இழந்தது வேறொன்று. ஓடாவி ஒவ்வொரு தோணியிலும் அந்தக் கரையின் அலைக்கும் மணல் சரிவுக்கும் ஏற்றபடி அணியத்தைக் கொஞ்சம் உயர்த்துவார், அடியைக் கொஞ்சம் பரப்புவார். அச்சில் வார்க்கும் படகு நீர்கொழும்புக்கும் பொத்துவிலுக்கும் ஒரே உருவம். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் இது வெளிப்பட்டது. நாட்டிலேயே அதிகம் பேர் இறந்தது அம்பாறை மாவட்டத்தில். உதவிக்கு வந்தவர்கள் அவசரத்தில் படகுகளை வார்த்துக் குவித்தார்கள். அவற்றில் பல தரமில்லாதவை என்று உலக உணவு விவசாய நிறுவனமே எச்சரித்தது. அந்த நிறுவனத்தின் வங்காள விரிகுடாத் திட்டம் 1980களில் திறந்த கரையில் ஏறி இறங்கும் படகை உருவாக்கத் தனியே பாடுபட்டது. நிபுணர்கள் விடை தேடிய கேள்வி, கரைவலைத் தோணி கட்டிய ஓடாவிக்கு அன்றாடம்.

ஒலுவில் துறைமுகத்தையும் இங்கே நினைக்கவேண்டும். டென்மார்க்கின் கடனுதவியில் 2008இல் தொடங்கி 2013இல் திறந்தார்கள். வாயிலை மணல் மூடியது. வடக்கே கரை அரிக்கப்பட்டு மக்கள் நிலத்தை இழந்தார்கள். ஆழ்கடல் படகு வைத்திருக்கும் கல்முனை, சாய்ந்தமருது மீனவருக்குத் துறைமுகம் தேவை, அதில் சந்தேகமில்லை. ஆனால் இந்தக் கரையில் மணல் எந்த மாதம் எந்தப் பக்கம் நகரும் என்பதைத் தோணி கட்டியவனும் இறக்கியவனும் அறிவார்கள். அவர்களுடைய அறிவு எந்தக் கோப்பிலும் இல்லாததால் அதைக் கேட்கவேண்டும் என்றுகூட யாருக்கும் தோன்றவில்லை. வீட்டுக்குள் வளர்ந்த அறிவுக்கு நேர்ந்த கதி இது. தந்தையிடமிருந்து மகனுக்குப் போகும்வரை அதற்கு ஏடு தேவைப்படவில்லை. மகன் மத்திய கிழக்குக்குப் போன அன்று அது நின்றுவிட்டது.

தென்கிழக்குப் பல்கலைக்கழகம் அதே ஒலுவிலில் இருக்கிறது. நின்றுபோன அந்த அறிவை மீட்கும் வேலையை அது தொடங்கலாம். 2025இல் இந்தியக் கடற்படை, கேரளத்துக் கைவினைஞர் பாபு சங்கரன் தலைமையில் பலகைகளைத் தைத்துக் கட்டிய 'கௌண்டின்யா' கப்பலைச் சேவையில் சேர்த்தது. அப்படியொரு செலவுக்கு எங்களிடம் வசதியில்லை. செய்யக்கூடியது சிறியது, உடனே செய்யவேண்டியது. பொத்துவிலிலிருந்து மருதமுனை வரை கரையில் கிடந்து உக்கும் மரத்தோணிகளை அந்தப் பல்கலைக்கழக மாணவர்கள் அளந்து வரையட்டும். வயதான ஓடாவிமாரிடம் உறுப்புகளின் பெயரையும் அளவு எடுக்கும் முறையையும் கேட்டு ஒலிப்பதிவு செய்யட்டும். உங்கள் வளவில் பழைய ஏராவோ வங்கோ ஓடாவியின் கருவிப் பெட்டியோ கிடந்தால், தயவுசெய்து அதை விறகுக்குக் கொடுத்துவிடாதீர்கள்.