மதுவும் மோட்டாரும் மாநில அரசுகளும்

ஒரு தீங்கு இன்னதென்று விஞ்ஞானம் நிறுவிய பின்னரும் சட்டம் ஏன் தாமதிக்கின்றது? இவ்வினாவுக்கு விடை காண விழைவோர், குடிபோதையில் வாகனம் செலுத்துவதைத் தடுக்க ஐக்கிய அமெரிக்க மாநிலங்கள் மேற்கொண்ட முயற்சிகளின் வரலாற்றை நோக்குதல் பயன்தரும்.

நியூ ஜேர்சி மாநிலம் 1906இலும் நியூ யோர்க் மாநிலம் 1910இலும் இதற்கெனச் சட்டம் இயற்றின. ஆயின், போதை என்பது யாது என அக்காலச் சட்டங்கள் வரையறுக்கவில்லை. பொலிஸாரின் கண்ணும் மூக்குமே அளவுகோல்கள். சாட்சியத்தைக் குலைக்கவல்ல வழக்கறிஞரை அமர்த்த வசதியுள்ளவனுக்கு இந்நிலை வாய்ப்பாயிற்று.

அளவுகோலைத் தந்தது ஆய்வுகூடம். இந்தியானா பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ரோலா ஹார்கர், பலூனில் ஊதிய மூச்சைக் கொண்டு போதையை அளக்கும் கருவியை 1930களில் உருவாக்கினார். 1939இல் இந்தியானா மாநிலம், குருதியில் அற்ககோல் 0.15 வீதத்தை எட்டினால் சாரதி போதையுற்றவன் எனக் கொள்ளலாமெனச் சட்டமியற்றியது. அது மிகத் தாராளமான எல்லை. அம்மாநிலப் பொலிஸில் பணியாற்றிய ரொபர்ட் போர்க்கன்ஸ்ரைன் 1954இல் எளிதிற் கையாளக்கூடிய மூச்சுச் சோதனைக் கருவியை அமைத்தார். மிச்சிகனின் கிராண்ட் ரப்பிட்ஸ் நகரில் விபத்துக்குள்ளான சாரதிகளையும் விபத்தின்றிச் சென்ற சாரதிகளையும் அவர் தலைமையிலான குழு ஒப்பிட்டு ஆராய்ந்தது. 0.08 வீதமளவிலேயே விபத்தின் அபாயம் தெளிவாக உயர்கின்றது என்பதை 1964இல் வெளியான அவ்வாய்வு காட்டிற்று.

உண்மை வெளியாகிவிட்டது. ஆனால், 0.08ஐச் சட்ட எல்லையாக்க யூட்டா மாநிலம் முன்வந்தது 1983இலேயே. எல்லா மாநிலங்களும் அச்சட்டத்தை இயற்றி முடித்தது 2004இல். இடைப்பட்டவை நாற்பது ஆண்டுகள்!

இத்தாமதத்தின் பொருளாதார அடிப்படையை நாம் மறந்துவிடலாகாது. 1933இல் மதுவிலக்கு நீங்கியபோது மதுவிற்பனையை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் மாநிலங்களின் கைக்குச் சென்றது. மதுவரியும் அனுமதிக் கட்டணமும் அவற்றின் வருவாயாயின. சில மாநிலங்கள் தாமே வணிகராயின. நியூ ஹம்ஷயர் அரசு பெருந்தெருக்களின் ஓரத்திலேயே தன் மதுக்கடைகளை நடத்துகின்றது. வழியில் மதுவை விற்கும் அரசே, அதே வழியில் போதையுற்ற சாரதியைத் தேடுகின்றது!

இத்தேக்கத்தை உடைத்தவர்கள் பிள்ளைகளை இழந்த தாய்மார். கலிபோர்னியாவில், முன்னரும் இதே குற்றத்துக்காகத் தண்டனை பெற்ற ஒருவனின் வாகனம் மோதிப் பதின்மூன்று வயது மகளை இழந்த தாயொருவர் 1980இல் தொடங்கிய இயக்கம் நாடெங்கும் பரவியது. மக்கள் குரல் சமஷ்டி அரசை அசைத்தது. இருபத்தொரு வயதுக்குட்பட்டோர் மது வாங்க இடமளிக்கும் மாநிலங்களுக்கு வீதி நிதியின் ஒரு பகுதி மறுக்கப்படுமென 1984இல் சட்டம் வந்தது. தெற்கு டகோட்டா எதிர்த்து வழக்காடி 1987இல் உயர்நீதிமன்றில் தோற்றது. 0.08 எல்லையை ஏற்கச் செய்யவும் 2000இல் இதே வழி கையாளப்பட்டது. அறிவுரைக்கு இணங்காத மாநிலங்கள் பணத்துக்கு இணங்கின.

பயன் சிறிதன்று. போதையுற்ற சாரதிகளால் நேர்ந்த விபத்துகளில் 1982இல் 21,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். 2019இல் அத்தொகை ஏறத்தாழ 10,000 ஆயிற்று. குற்றவாளியாகக் காணப்பட்டோர் அனைவரின் வாகனங்களிலும், மூச்சில் மதுவிருப்பின் இயந்திரத்தை இயங்கவிடாத கருவியைப் பொருத்த வேண்டுமென நியூ மெக்சிக்கோ 2005இல் விதித்தது. யூட்டா 2018 இறுதியில் எல்லையை 0.05 ஆகக் குறைத்தது. யூட்டாவும் தானே மது விற்கும் மாநிலமே; ஆகவே, வருவாயின் பிடி அறுக்கவியலாத விலங்கன்று.

எனினும், 2022இல் உயிரிழந்தோர் தொகை மீண்டும் 13,000ஐக் கடந்தது. தண்டனை தனிமனிதனைத் தொடுகின்றது. அவனை உருவாக்கும் சூழலைத் தொடுவதில்லை. இரவில் பஸ் இல்லாத ஊரில், வாகனத் தரிப்பிடத்தோடு மதுச்சாலைக்கு அனுமதி வழங்குவதும் அரசேயன்றோ? சாரதியின் மூச்சை அளக்கக் கற்ற அரசு, தன் பொறுப்பையும் அளக்க முன்வரவேண்டும். அதனை வற்புறுத்தும் ஆற்றல் மக்களுக்கு உண்டென்பதை அத்தாய்மார் முன்னரே மெய்ப்பித்துள்ளனர்.