ஐந்தாம் பிரிவின் குரல்கள்

கரைவலை இழுக்கையில் ஒருவர் அம்பா எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் சேர்ந்து பாடியபடி வலையைக் கரைசேர்ப்பது நம் கரையூர்களின் பழைய வழக்கம். அலுப்புத் தெரியாமல் இருக்க மட்டுமன்று, எல்லார் கையும் ஒரே நொடியில் இழுக்க வேண்டுமே, அதற்காகவும்தான் அந்தப் பாட்டு. கூட்டுக்குரல் எவ்வளவு பாரத்தைத் தாங்கும் என்பதை அறிந்த வாலிநோக்கத்து வாசகர்களுக்கு, வேறொரு கடற்கரை நகரத்தின் வரலாற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

1978-இல் சான்பிரான்சிஸ்கோவில் ஜான் ரீட் சிம்ஸ் என்பவர் தன்பாலீர்ப்பு ஆண்களைக் கொண்டு ஒரு சேர்ந்திசைக் குழுவைத் தொடங்கினார். தாங்கள் யார் என்பதைக் குழுவின் பெயரிலேயே அறிவித்துக்கொண்டு மேடையேறத் துணிந்தவர்கள் அவர்கள். சில வாரங்களிலேயே, நவம்பர் 27 அன்று, அந்நகர மேயர் ஜார்ஜ் மாஸ்கோனியும் நகரவை உறுப்பினர் ஹார்வி மில்க்கும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அன்றிரவு மெழுகுவத்தி ஏந்தித் திரண்ட மக்கள் முன், நகர்மன்றப் படிக்கட்டில் நின்று மெண்டல்சோனின் துதிப்பாடல் ஒன்றைப் பாடியதுதான் அக்குழுவின் முதல் பொது நிகழ்ச்சி. அரங்கேற்றமே அஞ்சலியாயிற்று.

1981 ஜூன் 5 அன்று, பின்னாளில் எய்ட்ஸ் எனப் பெயர் பெற்ற நோயைப் பற்றிய முதல் மருத்துவ அறிக்கை அமெரிக்காவில் வெளியானது. மூன்றே ஆண்டுகளில் ஜான் சிம்ஸையே அந்நோய் கொண்டுபோயிற்று. குழுவில் அடுத்தடுத்துப் போனவர்கள் 300 பேருக்கும் மேல்.

ஆண்களின் சேர்ந்திசையில் குரல்கள் நான்கு பிரிவாக நிற்கும். நீண்ட சுரத்தில் ஒருவர் மூச்சு வாங்கும்போது பக்கத்தில் நிற்பவர் சுரத்தை விடாமல் பிடித்துக்கொள்வார். கேட்பவருக்கு இடைவெளி தெரியாது. அந்தப் பக்கத்துக் குரலே இல்லாமல் போனால்? குழுவினர் தொடர்ந்து ஒத்திகைக்கு வந்தார்கள். தோழர்களின் நினைவுக் கூட்டங்களில் பாடினார்கள். இறந்தவர்களைப் பட்டியலிலிருந்து அடித்துவிடாமல், அவர்களைக் குழுவின் 'ஐந்தாம் பிரிவு' என்று அழைத்தார்கள். 1993-இல் எரிக் லூஸ் எடுத்த புகைப்படத்தில், வெள்ளைச் சட்டையணிந்த ஒரு சிலர் மட்டும் நம்மைப் பார்த்து நிற்கிறார்கள். மற்ற அனைவரும் கறுப்புடையில் முதுகு காட்டி நிற்கிறார்கள். அந்த முதுகுகள் இறந்தவர்களைக் குறிப்பவை. ஒரு கொள்ளைநோயை இதைவிடத் தெளிவாகக் காட்டிய படத்தை நான் கண்டதில்லை.

இந்தியாவில் எய்ட்ஸ் கிருமி முதலில் கண்டறியப்பட்டது நம் சென்னையில்தான். 1986-இல் டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்ட, அவர் மாணவி நிர்மலா சேகரித்த இரத்த மாதிரிகளே அதை வெளிப்படுத்தின. தன்பாலுறவைக் குற்றமாக்கிய சட்டம் 2018 வரை இருந்ததால், பலர் மருத்துவரிடம்கூட வாய் திறக்க அஞ்சினார்கள். அந்த அச்சத்துக்கு நடுவே 1998-இல் சென்னையில் சுனில் மேனன் தொடங்கிய 'சகோதரன்' அமைப்பு, தன்பாலீர்ப்பு ஆண்களிடையே நோய்த்தடுப்புப் பணியை எடுத்துச் சென்றது. கூவாகத்தில் சித்திரைப் பௌர்ணமிக்குக் கூடும் திருநங்கையர், அரவானுக்காகத் தாலி கட்டி, மறுநாள் தாலியறுத்து ஒப்பாரி வைப்பது தொன்றுதொட்ட மரபு. எய்ட்ஸ் காலத்தில் விழிப்புணர்வுப் பணியும் அந்தத் திருவிழாவுக்கு வந்து சேர்ந்தது. திருநங்கையரும் தன்பாலீர்ப்பு ஆண்களும் ஒரே சாரார் அல்லர். இரு சாரார் மீதும் விழுந்த பழி ஒன்றுதான்.

செத்தவருக்கு ஒப்பாரி மறுப்பதைக் கொடுமை என்று கருதும் சமூகம் நம்முடையது. எய்ட்ஸால் இறந்தவர்களில் எத்தனையோ பேருக்கு நாம் அதை மறுத்தோம். அந்தக் கடனைத்தான் சான்பிரான்சிஸ்கோ பாடகர்கள் தங்கள் தோழர்களுக்குத் தீர்த்தார்கள்.

2004 ஏப்ரல் முதல் தாம்பரம் உள்ளிட்ட அரசு மருத்துவமனைகளில் இந்நோய்க்கான கூட்டு மருந்துச் சிகிச்சை இலவசமாகத் தரப்படுகிறது. மருந்தை விடாமல் உட்கொள்பவர் இன்று நெடுங்காலம் வாழலாம். அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையத்தில் பரிசோதனையும் ஆலோசனையும் உண்டு; 1097 கட்டணமில்லாத் தொலைபேசி எண். இந்தத் தகவலைத் தேவைப்படுவோருக்குச் சொல்லுங்கள். இந்நோயால் ஒருவர் இறந்தால், அவர் வீட்டுத் துக்கத்துக்கும் தவறாமல் போய் வாருங்கள்.