இரண்டு நூல்கள்



தமிழில் 'நூல்' என்னும் சொல் இழையையும் குறிக்கும், புத்தகத்தையும் குறிக்கும். திருப்பூரில் வாழும் நமக்கு முதலாவது நூலைப் பற்றி எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. பவர் டேபிளிலும் செக்கிங் மேசையிலும் அதைக் கொண்டே நம் குடும்பங்கள் பிழைக்கின்றன. ஆனால் ஒரு பெண்பிள்ளையின் கையில் இவ்விரண்டு நூல்களும் ஒருங்கே சேரும்போது என்ன நிகழும்? இருநூறு ஆண்டுகளுக்கு முன் நாகர்கோவிலில் அது நிகழ்ந்தது. இவ்வாரம் அந்த வரலாற்றைத் தியானிப்போம்.

1819ஆம் ஆண்டின் இறுதியில் லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட் ஐயரும் அவருடைய துணைவியார் மார்த்தா மால்ட் அம்மையாரும் நாகர்கோவிலுக்கு வந்து சேர்ந்தார்கள். இது நமக்கு அயலார் கதை அன்று. 1830இல் நம் கோயம்புத்தூர்ப் பகுதியில் பணியைத் தொடங்கியதும் இதே மிஷன்தான்.

அன்றைய திருவிதாங்கூருக்குத் 'தர்ம பூமி' என்ற பெயர் இருந்தது. அங்கே ஊழியம் செய்த சாமுவேல் மெட்டீர் 1871இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட தம் நூலுக்கும் அப்பொருளிலேயே தலைப்பிட்டார். அரசாங்கச் செலவில் பிராமணர்களுக்கு அன்னமிடும் ஊட்டுப்புரைகள் அங்கே நிறைந்திருந்தன. அதே மண்ணில் மனிதர்கள் அடிமைகளாக விற்கப்பட்டும் வாங்கப்பட்டும் வந்தார்கள். தாழ்த்தப்பட்ட சாதிகளின் பெண்கள் தங்கள் மார்பை மறைத்து ஆடை அணியவும் உரிமையற்றிருந்தார்கள். தர்மம் தாராளமாக இருந்தது; அது யாருக்குச் சென்றது என்பதில்தான் குறை இருந்தது.

பெண்பிள்ளைகளுக்கு எழுத்தறிவிப்பதை அன்று பெரும்பாலோர் விரும்பவில்லை. படித்த பெண் என்றால் தேவதாசி என்றே பல குடும்பங்கள் எண்ணின. அத்தகைய சூழலில் நாகர்கோவிலில் பெண்களுக்கான விடுதிப் பள்ளி தொடங்கியது. இன்று டதி பெண்கள் மேல்நிலைப் பள்ளி என்று அறியப்படுவது அதன் தொடர்ச்சியே. அப்பள்ளியில் மார்த்தா அம்மையார் வாசிப்பும் எழுத்தும் வேதபாடமும் கற்பித்ததோடு, ரேந்தைப் பின்னலையும் கற்றுக்கொடுத்தார். திண்டின்மேல் குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் நுட்பமான வேலை அது. அந்த ரேந்தை ஐரோப்பியரிடையே நல்ல விலைக்கு விற்றது. அந்த வருமானத்தில் பள்ளி நிலைத்தது. பின்னியவர்களுக்கும் கூலி கிடைத்தது.

அந்தக் கூலி என்ன செய்தது என்பதைச் சற்று நின்று கவனியுங்கள். அப்பிள்ளைகளுள் சிலர் அடிமைக் குடும்பங்களில் பிறந்தவர்கள். அவர்கள் தங்கள் கைவேலையின் சம்பாத்தியத்தைச் சேர்த்துத் தங்கள் விடுதலையை விலைகொடுத்து வாங்கினார்கள். திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது 1855இல்தான். அரசாணை வருமுன்பே, ஒரு சிறுமியின் விரல்கள் அவளுக்கு விடுதலை ஈட்டின.

அதே காலத்தில் மிஷன் பெண்கள் தைத்துக்கொடுத்த குப்பாயத்தை அணியத் துணிந்த சபைப் பெண்கள் பெரும் கொடுமைக்கு உள்ளானார்கள். 1820களில் சந்தைகளிலும் தெருக்களிலும் அவர்களுடைய மேலாடைகள் கிழிக்கப்பட்டன. ஜெபவீடுகளும் பள்ளிகளும் எரிக்கப்பட்டன. 1858இல் கலவரம் மீண்டும் மூண்டது. 1859 ஜூலையில் வெளியான அரசாணையே நாடார் பெண்கள் மேலுடலை மறைத்துக்கொள்ள அனுமதி அளித்தது. அதிலும் உயர்சாதிப் பெண்களைப் போல் உடுத்தலாகாது என்ற நிபந்தனை இருந்தது. உலகத்துக்கே ஆடை தைத்து அனுப்பும் ஊரில் வாழும் நாம், ஓர் ஆடைக்காக நம் முன்னோர் கொடுத்த விலையை மறக்கலாகாது.

மால்ட் தம்பதியரின் மகள் எலிசா, 1844இல் ராபர்ட் கால்டுவெல் ஐயரை மணந்தார். தமிழை நன்கு பேசிய அவ்வம்மையார் இடையன்குடியில் பெண்களுக்குப் பள்ளி நடத்தியதோடு, தாயிடம் கண்ட ரேந்தைப் பின்னலையும் அவ்வூர்ப் பெண்களுக்குக் கற்பித்தார். தாயின் கையிலிருந்த இழை மகளின் கையில் அறுபடவில்லை.

இந்தப் பணிக்குப் பின்னே கொடுத்தவர்களின் கூட்டம் ஒன்றும் இருந்தது. இங்கிலாந்தின் விசுவாசிகள் ஆண்டுதோறும் ஒரு தொகையை அனுப்பி, விடுதியில் ஒரு பிள்ளையைத் தாங்கினார்கள். தாங்கள் ஒருபோதும் காணாத தேசத்துப் பிள்ளைகளுக்காக அவர்கள் கொடுத்தது மெய்யான அன்பே. ஆயினும் அவ்வழக்கத்தில் ஒரு நெருடலும் உண்டு. பணம் கொடுத்தவர் விரும்பிய பெயர் அப்பிள்ளைக்குச் சூட்டப்படுவதுண்டு. இது நமக்கும் எச்சரிக்கை. நாம் கொடுக்கும் பீஸ் கட்டணத்துக்கு ஈடாக ஒரு பிள்ளையை மேடையேற்றி நிறுத்தி நன்றி சொல்லச் செய்கிறோமா? வலதுகை செய்வதை இடதுகை அறியாதிருக்கட்டும் என்றார் நம் ஆண்டவர். கொடுக்கிறவனின் பெயர் வளரும் இடத்தில் பெறுகிறவளின் பெயர் சிறுத்துப்போகும்.

இப்பொழுது நம் ஊருக்கு வருவோம். நம் மேற்கு மாவட்டங்களின் நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்ற ஏற்பாடு நடந்ததை நீங்கள் அறிவீர்கள். தென் மாவட்டங்களின் ஏழைப் பெண்பிள்ளைகள் பள்ளிப் படிப்பை விட்டு விடுதிகளில் தங்கி மூன்று ஆண்டுகள் உழைத்தால், முடிவில் திருமணத்துக்கென்று மொத்தமாக ஒரு தொகை தரப்படும் என்பது அதன் வாக்குறுதி. இடையில் நோயுற்று வெளியேறித் தொகையை இழந்தவர்களும் உண்டு. நாகர்கோவிலின் சிறுமி நூலைப் பிடித்துத் தன் விடுதலையை வாங்கினாள். இந்தப் பிள்ளையோ நூலைப் பிடித்துத் தன் வரதட்சணையைச் சேர்த்தாள். வேறுபாடு எங்கே? அவள் கையில் இரண்டு நூல்களும் இருந்தன. இவளிடமிருந்து ஒன்று பறிக்கப்பட்டது. பறித்தவர்கள் ஆலைக்காரர்கள் மட்டுமா? வரதட்சணையைக் கேட்டு வாங்கும் வீடுகள் சபைக்குள் இருக்கும்வரை நாமும் அதற்குப் பங்காளிகளே.

யோப்பா பட்டணத்தில் தொற்காள் என்னும் சீஷி இருந்தாள். அவள் மரித்தபோது விதவைகள் பேதுருவைச் சூழ்ந்து நின்று, அவள் செய்துகொடுத்த அங்கிகளையும் வஸ்திரங்களையும் காட்டி அழுதார்கள். அவளுடைய நற்கிரியைகளுக்கு அந்தத் தையலே சாட்சியாயிற்று. தையல் ஊசியும் தர்மமும் ஒரே கையில் இருக்கக்கூடும் என்பதைத் திருச்சபை அன்றே அறிந்திருந்தது.

ஆகையால் பிரியமானவர்களே, இவ்வாரம் மூன்று காரியங்களைச் சிந்தியுங்கள். முதலாவது, பத்தாம் வகுப்போடு பனியன் கம்பெனிக்கு அனுப்பப்படவிருக்கும் பெண்பிள்ளை உங்கள் தெருவில் இருந்தால், அவள் பெற்றோரிடம் சென்று பேசுங்கள். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்து உயர்கல்விக்குச் செல்லும் மாணவிக்கு, 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தின்கீழ் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும் என்பதையும் எடுத்துச் சொல்லுங்கள். இரண்டாவது, தொழில் நடத்தும் சகோதரர்களே, உங்களிடம் வேலை செய்யும் பெண்ணின் கூலியை முழுமையாக, உரிய காலத்தில், அவள் கையிலேயே கொடுங்கள். நியாயமான கூலி கொடுக்காதவனின் காணிக்கை தர்மமாகாது. மூன்றாவது, கொடுங்கள், பெயர் குறிக்காமல் கொடுங்கள். மக்கெதோனியா சபைகள் தங்கள் தரித்திரத்தின் நடுவிலும் கொடுத்ததைப் பவுல் கொரிந்தியருக்கு எடுத்துக்காட்டினார். பீஸ் ரேட்டில் உழைக்கும் நம் சகோதரிகளின் காணிக்கையும் அத்தகையதே.

ஜெபிப்போம்: எங்களை நீதியின் வஸ்திரத்தால் உடுத்துவித்த ஆண்டவரே, எங்கள் பெண்பிள்ளைகளின் கைகளில் இரண்டு நூல்களையும் தாரும். அவற்றுள் ஒன்றையும் நாங்கள் பறித்துக்கொள்ளாதபடி எங்களைக் காத்தருளும். ஆமென்.