சமம் எண்டு எழுதின சான்றிதழ்

எங்கட நாட்டில் ஓ.எல். இல் சறுக்கின ஒருவர் பத்து வருசம் கழிச்சும் தனியார் பரீட்சார்த்தியாக அதே பரீட்சையை எழுதலாம். பாடசாலையில் இருந்து எழுதுறவருக்கும் அவருக்கும் ஒரே வினாத்தாள்தான், கடைசியில் கையில் கிடைப்பதும் அதே க.பொ.த. சான்றிதழ்தான். அமெரிக்காவில் அப்படி இல்லை. அங்கே உயர்நிலைப் பாடசாலையை இடையில் விட்டவர்கள் பெரும்பாலும் வேறொரு பரீட்சையைத்தான் எழுதுகிறார்கள். அதில் சித்தியடைந்தால், உயர்நிலைப் பாடசாலைச் சான்றிதழுக்குச் "சமமான" ஒன்றைக் கொடுப்பார்கள். ஜீ.ஈ.டி. என்ற அந்தப் பரீட்சைக்கு இப்ப எண்பது வயது தாண்டிவிட்டது. அந்தச் "சமம்" என்ற சொல்லை வைத்து அவர்கள் இன்னும் சண்டை பிடித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

முதலில், ஏன் வேறொரு பரீட்சை? எங்கட ஓ.எல். மாதிரி நாடு முழுக்க எல்லாரும் எழுதும் ஒரு பொதுப் பரீட்சை அமெரிக்காவில் இல்லை. ஒவ்வொரு பாடத்தையும் வகுப்பில் இருந்து படித்து, புள்ளி சேர்த்துத்தான் சான்றிதழ் எடுக்க வேணும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த "கார்னேகி அலகு" என்ற கணக்குப்படி, ஒரு பாடத்துக்கு வருசத்தில் 120 மணித்தியாலம் வகுப்பில் இருந்தால் ஒரு அலகு. அதாவது அந்தச் சான்றிதழ் நீங்கள் என்ன படிச்சீங்கள் எண்டு மட்டும் சொல்வதில்லை, எவ்வளவு நேரம் வாங்கில் இருந்தீங்கள் எண்டும் சொல்கிறது. வயது வந்த ஒருவர் திரும்பப் போய் அந்த மணித்தியாலங்களை எப்படி இருந்து முடிப்பது?

இந்தக் கேள்வியைப் பெரிதாக்கினது யுத்தம். முதலாம் உலக யுத்தம் முடிந்து வந்த சிப்பாய்களுக்கு, சேவை செய்ததற்காகவே பல பாடசாலைகளும் கல்லூரிகளும் புள்ளி போட்டுக் கொடுத்தன. அது கல்வித்தரத்தைக் கெடுத்தது எண்டு கல்வியாளர்கள் குறைபட்டார்கள். 1942இல் கட்டாய ஆட்சேர்ப்பு வயது 18ஆகக் குறைக்கப்பட்டதும், பாடசாலை முடிக்காத பெடியன்கள் பெருந்தொகையாகப் படைக்குப் போனார்கள். இந்த முறை சும்மா புள்ளி கொடுக்காமல் சோதித்துப் பார்த்துக் கொடுப்போம் எண்டு அமெரிக்கக் கல்விப் பேரவையும் படைத்தரப்பும் சேர்ந்து ஒரு பரீட்சையை உருவாக்கின. அயோவா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஈ.எஃப். லிண்ட்குவிஸ்ட் பாடசாலைப் பிள்ளைகளுக்காக முன்பு தயாரித்திருந்த பரீட்சைகளே இதற்கு அடிப்படை.

மொத்தம் ஐந்து தாள்கள். எழுத்து மொழி, கணிதம், அத்தோடு சமூகக் கல்வி, விஞ்ஞானம், இலக்கியம் ஆகிய மூன்றிலும் வாசித்து விளங்கிக்கொள்ளும் திறன். பாடமாக்கி ஒப்புவிக்கும் கேள்விகள் குறைவு. நீ எங்கே எத்தனை மணித்தியாலம் இருந்தாய் எண்டு கேட்காமல், இப்ப உன்னால் என்ன செய்ய முடியும் எண்டு கேட்கும் பரீட்சை அது. அந்தக் காலத்துக்கு இது சின்ன விடயம் இல்லை.

ஆனால் அந்தச் சிப்பாய்களிடம் இருந்தது பரீட்சைப் பெறுபேறு மட்டும் இல்லை. 1944இல் வந்த ஜீ.ஐ. சட்டம் வருசத்துக்கு 500 டொலர் வரை கல்விக் கட்டணத்தைக் கட்டியது. தனியாளுக்கு மாதம் 50 டொலர் செலவுக்கும் கொடுத்தது. 1947இல் கல்லூரிகளில் இருந்தவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் முன்னாள் சிப்பாய்கள். இதே சட்டம் கறுப்பினச் சிப்பாய்களுக்கு, குறிப்பாகத் தென் மாநிலங்களில், ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை என்பதையும் மறக்கக் கூடாது.

அதே 1947இல் நியூயோர்க் மாநிலம் பொதுமக்களுக்கும் இந்தக் கதவைத் திறந்தது. மற்ற மாநிலங்கள் பின்னால் வர, கடைசியாக 1974இல் கலிபோர்னியா வந்து சேர்ந்தது. 1966இல் வந்த வளர்ந்தோர் கல்விச் சட்டம் மத்திய அரசின் பணத்தை வகுப்புகளுக்குக் கொண்டுவந்தது. இரவுப் பாடசாலை, நூலகம், சமூகக் கல்லூரி, சிறைச்சாலை எண்டு எல்லா இடத்திலும் இந்த வகுப்புகள் நடந்தன. இதுவரை 2 கோடிக்கும் மேற்பட்டவர்கள் இந்தத் தராதரத்தைப் பெற்றிருக்கிறார்கள்.

பிறகுதான் அடி விழுந்தது. 1993இல் பொருளியலாளர் ஜேம்ஸ் ஹெக்மன், ஸ்டீபன் கமரனோடு சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டார். (ஹெக்மனுக்கு 2000இல் நோபல் பரிசு கிடைத்தது.) ஜீ.ஈ.டி. எடுத்தவர்களின் சம்பளமும் தொழிலும், பாடசாலையை முடித்தவர்களுடையதைவிட, முடிக்காதவர்களுடையதற்குத்தான் கிட்ட இருக்கு எண்டு அது சொன்னது. அறிவுத் திறன் சோதனையில் அவர்கள் கல்லூரிக்குப் போகாத பாடசாலைப் பட்டதாரிகளுக்குக் குறைந்தவர்கள் இல்லை. அப்ப எது குறைவு? விடாமுயற்சி, நேரத்துக்கு வருவது, சலிப்பைப் பொறுத்துக்கொள்வது போன்ற பரீட்சை அளக்காத குணங்கள் எண்டார் ஹெக்மன். கலிபோர்னியாவில் இந்தப் பரீட்சை வந்த பிறகு பாடசாலையை விடுகிறவர்கள் கூடினார்கள் எண்டும் அவரது குழு பின்னர் எழுதியது. வேடிக்கை என்னெண்டால், இந்தப் பரீட்சையைப் பெற்றெடுத்த படையே பின்னர் ஜீ.ஈ.டி. காரரை இரண்டாம் தட்டில் வைத்தது.

ஹெக்மனின் எண்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் எண்ணில் இருந்து குணத்துக்குத் தாவும் இடத்தில் கொஞ்சம் நிற்க வேணும். ரூத் ஆன் மின்னர் 16 வயதில் குடும்பப் பண்ணை வேலைக்காகப் பாடசாலையை விட்டவர். 32 வயதில் கணவனை இழந்தார். மூன்று மகன்மாரை வளர்த்துக்கொண்டு, வேலையும் செய்துகொண்டு ஜீ.ஈ.டி. எடுத்தார். 2001இல் டெலவெயர் மாநிலத்தின் முதல் பெண் ஆளுநரானார். அவரிடமா விடாமுயற்சி இல்லை? ஹெக்மன் சொன்னது சராசரி, மின்னர் ஓர் ஆள், அது சரி. எண்டாலும் பாடசாலையை விட வைத்த வறுமையும் பொறுப்பும் பரீட்சை முடிந்த அடுத்த நாள் மறைந்துவிடுவதில்லை. அது சம்பளத்திலும் தெரியத்தானே செய்யும்?

1944இல் சிப்பாய்க்குப் பரீட்சையோடு கட்டணமும் மாதக் காசும் சேர்ந்து வந்தது. பிறகு வந்த தனித் தாய்க்கும் சிறைக் கைதிக்கும் பெரும்பாலும் தாள் மட்டும்தான் மிஞ்சியது. பின்னால் இருந்த ஏணியை எடுத்துவிட்டு, ஏன் இவர்கள் ஏறவில்லை எண்டு கேட்டால் என்ன நியாயம்? 2014இல் பியர்சன் நிறுவனமும் சேர்ந்து நடத்தும் கணினிப் பரீட்சையாக இது மாறியபோது கட்டணமும் பல இடங்களில் 120 டொலருக்கு ஏறியது. சித்தியடைந்தவர்கள் தொகை சரிந்தது. 2016இல் சித்திப் புள்ளியை 150இலிருந்து 145 ஆகக் குறைத்தார்கள்.

நாங்கள் இதைத் தூரத்துக் கதையாக வாசிக்கத் தேவையில்லை. எங்கட தனியார் பரீட்சார்த்திக்கு வினாத்தாளும் சான்றிதழும் ஒன்றுதான், உண்மை. ஆனால் பகல் முழுக்கக் கடையில் நிண்டுபோட்டு இரவில் கடந்தகால வினாத்தாளை விரிக்கிற ஒருவருக்கு ஆசிரியர் எங்கே, ரியூசன் காசு எங்கே, படிக்க நேரம் எங்கே? சமம் எண்டு சான்றிதழில் எழுதுவது லேசு. அதற்குச் செலவு இருக்கு எண்டு அமெரிக்கா 1944இல் விளங்கி வைத்திருந்தது, சிப்பாய்களுக்கு மட்டுமாவது.